இல்லங்கள் நம் பள்ளிக்கு வந்த கதை



பரிசளிப்பு விழா மலர் கைக்கு வந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். வாழ்த்துரைகளையும் செயலாளர் அறிக்கையையும் ஒரே புரட்டாகப் புரட்டிவிட்டு, நம்ம பிள்ளை படம் எந்தப் பக்கத்தில் என்று தேடுவீர்கள். அது அகப்பட்டதும் இல்லப் புள்ளிப் பட்டியலுக்குப் போவீர்கள். சிவப்பா, நீலமா, மஞ்சளா, பச்சையா? இந்த ஆண்டு யார் முதல்? அதைப் பார்த்தாகிவிட்டது என்றால், மண்டபத்தில் பிரமுகர் வந்து சேரும்வரை சற்று இந்தப் பக்கத்தையும் படியுங்கள்.

ஓடுவதற்கும் குதிப்பதற்கும் பிரித்த கூட்டத்துக்கு 'அணி' என்று பெயர் வைத்திருக்கலாம். 'குழு' என்று வைத்திருக்கலாம். ஏன் 'இல்லம்' என்று வைத்தார்கள்? மலாய் மொழியிலும் 'ரூமா சுக்கான்' என்றுதான் சொல்கிறோம். வீடு. கூரையும் இல்லை, அடுப்பும் இல்லை, ஆனால் வீடு! நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

உண்மையில் அது முதலில் வீடாகத்தான் இருந்தது. இங்கிலாந்தின் பழைய பள்ளிகள் பல தங்கிப் படிக்கும் பள்ளிகள். பிள்ளைகள் ஊரைவிட்டு வந்து, ஓர் ஆசிரியரின் வீட்டிலோ பள்ளியை ஒட்டிய விடுதியிலோ ஆண்டுக்கணக்கில் தங்குவார்கள். சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே, அடி வாங்குவதும் அங்கேதான். 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னல்ட் என்பவர், மூத்த மாணவர்களிடம் பொறுப்பைக் கொடுத்து இளையவர்களைக் கவனிக்கச் செய்தார். அந்தப் பள்ளியில் படித்த தாமஸ் ஹியூஸ் 1857-இல் 'டாம் பிரவுனின் பள்ளி நாள்கள்' என்று ஒரு கதைப் புத்தகம் எழுதினார். புதிதாக வந்து சேரும் சிறுவன் டாம், அன்றைக்கே தன் விடுதிக்காகப் பந்து விளையாட்டில் இறங்கிவிடுகிறான். எதிர்த்தரப்பில் பள்ளியின் மற்ற மாணவர்கள் எல்லாரும்! அந்த விடுதிக்காரர்களில் ஒருவனைக்கூட அவனுக்கு முன்பின் தெரியாது. அதே கூரையின் கீழ் தூங்கப்போகிறான், அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

வெள்ளைக்காரன் போன இடத்துக்கெல்லாம் கிரிக்கெட்டைக் கொண்டுபோனதுபோல் இந்த முறையையும் கொண்டுபோனான். நம் நாட்டில் 1905-இல் கோலக்கங்சாரில் தொடங்கிய மலாய்க் கல்லூரி உண்மையிலேயே தங்கிப் படிக்கும் பள்ளி. அங்குள்ள இல்லங்களின் பெயர்களைக் கேளுங்கள்: இட்ரிஸ், சுலைமான், அகமட், முகமட் ஷா. பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் ஆகிய நான்கு கூட்டு மாநிலங்களின் அன்றைய ஆட்சியாளர்கள் பெயர்கள் அவை. நான்கு மாநிலத்துப் பிள்ளைகள் ஒன்றாக வளர வேண்டிய பள்ளியில், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பெயர் கிடைத்தது.

அடுத்தது நமக்கு நெருங்கியது. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கழகத்துக்கு 1893-இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகிறவர்கள். ஆனாலும் இல்லங்கள் உண்டு. அவற்றுள் ஓர் இல்லத்தின் பெயர் 'தம்புசாமி'. ஆம், பத்துமலை முருகன் கோயில் உருவாகக் காரணமாக இருந்த அதே கா. தம்புசாமிப் பிள்ளைதான். அப்பள்ளியை உருவாக்கிய அறங்காவலர்களுள் அவரும் ஒருவர். யாப் குவான் செங் பெயரிலும் அங்கே இல்லம் உண்டு. அன்றைய சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த டிரெச்சர் பெயரிலும் உண்டு. ஆக, ஒரு சீனப் பையன் 'தம்புசாமி! தம்புசாமி!' என்று தொண்டை கிழியக் கத்துவான். ஒரு தமிழ்ப் பையன் யாப் குவான் செங்கிற்காக உயிரை விட்டு ஓடுவான். 1902-இல் மறைந்த தம்புசாமிப் பிள்ளை இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்துச் சிரித்ததுண்டு.

இதெல்லாம் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளின் கதை. நம் தமிழ்ப்பள்ளிகள் வேறு வழியில் வந்தவை.

1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு நடத்தியதையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். 2016-இல் அதன் 200-ஆம் ஆண்டு நிறைவையும் கொண்டாடினோம். ஆனால், தமிழ்ப்பள்ளி என்றதும் நம்மில் பெரும்பாலோர் நினைவில் வருவது தோட்டப் பள்ளிதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியது. துரைமார்கள் சட்டத்துக்காக ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். ஒரே அறை, ஒரே வாத்தியார், பல வகுப்புகள். சில இடங்களில் கிராணியே வாத்தியார், சில இடங்களில் கங்காணி. அங்கே விளையாட்டு இல்லமாவது ஒன்றாவது! பிள்ளைகள் மதியத்துக்கு மேல் அப்பா அம்மாவோடு பால் தூக்கப் போவார்கள்.

தோட்டத்தில் வீடு என்றால் லயம். வரிசை வரிசையாக லயங்கள். எந்த லயத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். கப்பலில் வரும்போது துணிமூட்டையோடு சாதியையும் சேர்த்துத்தானே கட்டிக்கொண்டு வந்தோம்? 1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். 1952-இல் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கி, எல்லாப் பிரிவுத் தமிழரும் ஒரே பந்தலில் உட்காரட்டும் என்றார். பேச்சைக் கேட்டுக் கைதட்டினோம். கைதட்டிவிட்டு அவரவர் லயத்துக்குத் திரும்பினோம்.

இனி நான் படித்த பள்ளிக்கு வருகிறேன். அந்தத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். அது இப்போது செம்பனையாகி, அதற்குப் பிறகு வீடமைப்புத் திட்டமும் ஆகிவிட்டது.

நான் 1964-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். சுதந்திரத்துக்குப் பிறகு, பயிற்சி பெற்ற இளம் ஆசிரியர்கள் நகரத்திலிருந்து எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம் அது. வரும்போது விசிலையும் கையேட்டையும் கொண்டு வந்தார்கள். இல்ல முறையையும் கொண்டு வந்தார்கள். 1966-இல் எங்கள் பள்ளியில் முதன்முதலாக இல்லம் பிரித்தார்கள். எப்படித் தெரியுமா? லயம் வாரியாக! மேல் லயத்துப் பிள்ளைகள் சிவப்பு, கீழ் லயம் நீலம், ஆற்றோரத்து லயம் பச்சை, மாட்டுக்கொட்டகைப் பக்கம் மஞ்சள். பிரித்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே இடத்துப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தால் சாயங்காலம் பயிற்சி செய்ய வசதியாக இருக்கும் என்று நினைத்தார். அவர் வெளியூர்க்காரர். எங்கள் லயங்களின் கணக்கு அவருக்குத் தெரியாது.

போட்டி நாள் வந்தது. சாக்கு ஓட்டம், எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. கடைசியில் கயிறு இழுத்தல். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும். பிள்ளைகள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர்களும் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். யாரோ ஒருவர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. சண்டை திடலில் தொடங்கிக் கள்ளுக்கடை வாசலில் முடிந்தது. மறுநாள் பிரட்டுக்களத்தில் மண்டோர் இரண்டு பேரைத் தனித்தனியாக வேறு வேறு நிரைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பள்ளியில் நாங்கள் ஒரு மாதம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகள்!

எங்கள் தலைமையாசிரியர் அதிகம் பேசாத மனிதர். 1967-ஆம் ஆண்டு பள்ளி திறந்த முதல் வாரத்தில், சபைகூடலின்போது ஒரு காலி மைலோ டப்பாவோடு வந்து நின்றார். அதற்குள் மடித்த சீட்டுகள். "ஒவ்வொருத்தனா வந்து எடு. எடுத்ததை மாத்தித் தர மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் எடுத்தேன். நீலம். எனக்கு அடுத்து எடுத்தவன் கீழ் லயத்துப் பையன், அவனுக்கும் நீலம். என் சொந்தத் தம்பிக்கு மஞ்சள்.

அன்று சாயங்காலம் எங்கள் பாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார். "என்னா வாத்தியாரே, அண்ணன் ஒரு வீடு, தம்பி ஒரு வீடா? ஒரே வயித்துப் புள்ளைங்கள இப்பிடியா பிரிப்பீங்க?" என்று கேட்டார். "பிரிக்கல பாட்டி, இன்னும் கொஞ்சம் பேரச் சேத்துவிட்டேன்" என்றார் தலைமையாசிரியர். பாட்டிக்கு விளங்கியதோ இல்லையோ, முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்கும் அன்று விளங்கவில்லை. என் கவலையெல்லாம் அந்தக் கீழ் லயத்துப் பையனோடு எப்படிக் கோல் மாற்றுவது என்பதுதான். அஞ்சலோட்டத்தில் நான் மூன்றாவது, அவன் நான்காவது. கையில் கை படாமல் கோலைக் கொடுக்க முடியுமா, சொல்லுங்கள்.

அதற்கு முந்தைய டிசம்பரில்தான் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்திருந்தது. மணி ஜெகதீசன் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் 4x100 மீட்டர் அஞ்சலோட்டத்திலும் தங்கம் வாங்கினார். தாப்பாவைச் சேர்ந்த ராஜாமணி பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். 1966-இல் முதன்முதலாக வழங்கிய தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இரண்டும் அவ்விருவருக்கே கிடைத்தன. தோட்டத்தில் ரேடியோ இருந்த வீடுகளைச் சுற்றி ஒரே கூட்டம். அந்த வருடம் திடலில் ஓடிய பையன்கள் எல்லாரும் ஜெகதீசன், பிள்ளைகள் எல்லாரும் ராஜாமணி. காலில் சப்பாத்து கிடையாது. லாலான் புல் குத்தும். ஆனால் ஜெகதீசன்!

பயிற்சியின்போது நானும் அவனும் பேசாமலேயே கோல் மாற்றினோம். நாலைந்து நாள் கோல் கீழே விழுந்தது. பிறகு அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்: "டேய், கைய இன்னும் கொஞ்சம் மேலத் தூக்கு." நான் தூக்கினேன். அந்த ஆண்டு அஞ்சலோட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். மூன்றாவதாக வந்தோம். வந்துவிட்டு, தோற்ற கோபத்தில் இருவரும் சேர்ந்து மஞ்சள் இல்லத்தைத் திட்டினோம், என் தம்பியையும் சேர்த்து. அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். பாட்டி தண்ணீர் கொடுத்தார். எந்தக் குவளையில் கொடுக்கலாம் என்று பாட்டி கொஞ்சம் தயங்கியதை நான் பார்த்தேன். பிறகு எங்கள் குவளையிலேயே கொடுத்தார்.

வாசகர்களே, டாம் பிரவுனை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான். இங்கிலாந்தில் ஒரே கூரையின் கீழ் தூங்கியதால் இல்லம் என்றார்கள். நமக்குக் கூரை ஏற்கெனவே இருந்தது, லயத்துக் கூரை. அதுதான் தொல்லை. பிறப்பால் கிடைக்காத ஒரு வீடு, மைலோ டப்பாவிலிருந்து கிடைத்த வீடு, எங்களில் பலருக்கு அதுதான் முதல். வீடு இல்லாத இல்லம் என்று நான் கேலியாக நினைத்திருந்தது தப்பு.

சுக்கந்தாரா பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இன்றைய பெற்றோர்கள் சிலர் அதைச் சும்மா தகுதிச் சுற்று என்று நினைக்கிறார்கள். இறுதிப் போட்டிக்கு முன் எல்லாப் பிள்ளைகளும் ஓட வேண்டும், தாண்ட வேண்டும், எறிய வேண்டும். குறித்த நேரத்தையோ தூரத்தையோ எட்டினால் இல்லத்துக்குப் புள்ளி. பதக்கம் வாங்குகிறவன் நாலு பேர். ஆனால் புள்ளி கொண்டுவருகிறவன் நாற்பது பேர். மெதுவாக ஓடுகிற பிள்ளையையும் இல்லத் தலைவன் தேடிப்போய், "இன்னொரு தடவ ஓடுடா, ஒரு பாயிண்ட்டு கெடைக்கும்" என்று கெஞ்ச வேண்டும். யாரும் கெஞ்சாத பிள்ளையைக் கெஞ்ச வைக்கிற ஏற்பாடு இது. இறுதிப் போட்டியைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். கூடாரத்தில் பலூன் கட்டுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

1970-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-இல் தேசியக் கோட்பாடு பிரகடனம் செய்யப்பட்டது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, இந்நாட்டு மக்கள் எதை வைத்து ஒன்றாக வாழ்வது என்ற கேள்விக்கு அது பதில். ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். சபைகூடலில் வலக்கையை உயர்த்தி உறுதி கூறினோம். 1983-இல் நாடு முழுவதும் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, நன்னெறிக் கல்வி தனிப் பாடமாகவே வந்தது. நானும் அதைக் கற்பித்திருக்கிறேன். பணிவு, நன்றியுணர்வு, ஒத்துழைப்பு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதுவார்கள். எழுதிவிட்டு, அழிப்பானைப் பக்கத்துப் பையனுக்குத் தர மாட்டார்கள். பாடத்தைக் குறை கூறவில்லை. நான் சொல்வதெல்லாம், அது திடலில் பாதியாவது நடக்க வேண்டும் என்பதுதான்.

திடல் என்றால் விளையாட்டு மட்டும் அல்ல. 1974 டிசம்பரில் துன் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். கிடைக்கிற இடத்திலெல்லாம் காய்கறி போடுங்கள் என்றது அரசு. சில ஆண்டுகள் கழித்து நான் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்த பள்ளியில், இல்லத்துக்கு ஒரு பாத்தி. கீரை, வெண்டை, பயற்றங்காய். விடுமுறையிலும் முறை வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பச்சை இல்லத்துப் பாத்தி மட்டும் வாடிப்போனது. (பெயருக்கு ஏற்ற இல்லம்!) விசாரித்தால், அவர்கள் முறைக்காரன் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தான். அதற்கு முன் இரண்டு நாள் நீல இல்லத்துப் பெண்பிள்ளை ஒருத்தி யாருக்கும் தெரியாமல் அவர்கள் பாத்திக்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அதற்கு எந்த இல்லத்துக்குப் புள்ளி போடுவது என்று ஆசிரியர் அறையில் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் யாருக்கும் போடவில்லை. இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நிறத்தோடு நிற்காமல் வள்ளுவர், கம்பர், இளங்கோ, பாரதி என்று இல்லங்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் நம் தமிழ்ப்பள்ளிகளில் பரவலாக உண்டு. ஹங் துவா, ஹங் ஜெபாட் என்று வைத்த பள்ளிகளும் உண்டு. நல்ல காரியம். ஆனால், இளங்கோ இல்லத்துத் தலைவனிடம் இளங்கோ யார் என்று கேட்டுப்பாருங்கள். "மஞ்சள் சார்" என்பான்! தம்புசாமி இல்லத்துப் பையனுக்குத் தம்புசாமி யார் என்று தெரிந்திருந்தால், நம் பிள்ளைக்கு இளங்கோ தெரிய வேண்டாமா? ஆண்டுக்கு ஒரு சபைகூடல், பத்து நிமிடம் போதும்.

இனி மனத்தை உறுத்துகிற விஷயம். 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, ஆள்கள் பட்டணத்துக்குப் போனார்கள். 150 மாணவருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. அப்படிப்பட்டவை நம்மிடம் ஏராளம். நான் கடைசியாக வேலை செய்த பள்ளிகளில் ஒன்றில் மொத்தம் 22 பிள்ளைகள். நான்கு இல்லம் பிரித்தால் ஓர் இல்லத்தில் ஐந்து பேர், ஆறு பேர். அஞ்சலோட்டத்துக்கு நால்வர் போனால் கைதட்ட ஒருவன் மிச்சம். இரண்டு இல்லமாக்கினோம். அடுத்த ஆண்டு, "எதுக்கு சார் இல்லம்? எல்லாரும் ஒண்ணா ஓடட்டுமே" என்றார் ஓர் இளம் ஆசிரியை. நியாயமான கேள்விதான். அந்த 22 பேரில் 9 பேர் இரண்டே குடும்பத்துப் பிள்ளைகள். ஓய்வு நேரத்திலும் அந்த இரண்டு குடும்பமும் இரண்டு மேசையாகத்தான் உட்காரும். அதனால் இல்லத்தை வைத்துக்கொண்டோம். சீட்டு எடுத்தோம்.

பெரிய பள்ளிகளிலோ நோய் வேறு மாதிரி. வேகமாக ஓடும் பிள்ளைகளை முன்கூட்டியே பொறுக்கி ஓர் இல்லத்தில் சேர்ப்பது ஒன்று. புலனக் குழுவில் பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்று பெயரை மாற்றுவது மற்றொன்று. "எம்மகளுக்குக் கூட்டாளிங்க எல்லாம் சிவப்புல இருக்காங்க சார், அவளையும் அங்கயே போட்டுடுங்க" என்று என்னிடமும் வந்து கேட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர், பள்ளிக்குக் கூரை போட உதவியவர். நான் மறுத்துவிட்டேன். அவர் ஓராண்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை பச்சை இல்லத்துக்குப் போய், ஆறாம் ஆண்டில் அதன் தலைவியும் ஆனாள். சிவப்பு இல்லத்தில் போட்டிருந்தாலும் அவள் தலைவியாகியிருப்பாள்தான், கெட்டிக்காரி. ஆனால், அவளுடைய இன்றைய தோழிகளில் மூன்று பேர் பச்சைக்காரிகள் என்று அவள் அப்பாவே போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னார்.

எங்கள் தலைமையாசிரியரின் அந்த மைலோ டப்பாவை நான் தேடிப்பார்த்தேன். பள்ளி இடம் மாறியபோது எங்கோ போய்விட்டது. ஆகவே, நானே ஒன்று வாங்கி, பாலைக் குடித்து முடித்துவிட்டு, நம் பள்ளி அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். ஜனவரியோ மார்ச்சோ, பள்ளி எந்த மாதம் திறந்தாலும் சரி, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். கஞ்சியில் முக்கிய சட்டைபோல விறைப்பாக நின்றுகொண்டு, சீட்டைப் பிரித்துப் படிக்கத் தெரியாமல் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பார்கள். அப்பா அம்மாக்கள் வேலிக்கு அந்தப்புறம் நின்று, "என்னா கலரு, என்னா கலரு?" என்று கேட்பார்கள்.

இந்த ஆண்டுப் புள்ளிப் பட்டியல் பின்னால் ஒரு பக்கத்தில் இருக்கிறது. மஞ்சள் முதல், நீலம் கடைசி. நான் நீல இல்லம் என்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை. என் தம்பி இன்று விழாவுக்கு வந்திருக்கிறார், முன் வரிசையில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு.